நின்ற நடத்தை திரும்பி வராமல் இருக்க: சேலம், ஏற்காடு பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

கையைக் கடிப்பது, தலையைச் சுவரில் முட்டுவது, பக்கத்தில் இருப்பவரைக் கிள்ளுவது, கையில் கிடைத்ததைத் தூக்கி வீசுவது. ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் இதில் ஒன்றாவது இருந்திருக்கும். தெரபிக்கு அலைந்து, பள்ளியில் பழக்கி, மாதக்கணக்கில் பாடுபட்டு அது குறைந்தும் இருக்கும். அதற்கு அப்புறம் என்ன செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஏற்காட்டில் இருந்தவரை என் மகனுக்குக் கை கடிப்பது அறவே நின்றிருந்தது. தொழிற்பயிற்சி உள்ள சிறப்புப் பள்ளிக்காகச் சேலத்துக்குக் குடிவந்தோம். வந்த கொஞ்ச நாளிலேயே அதே கையில், அதே இடத்தில் பல் தடம். இத்தனை வருட உழைப்பும் போயிற்று என்று வீடே துவண்டுவிட்டது. உண்மையில் எதுவும் போகவில்லை. பழைய நடத்தை அழிவதில்லை, அதைவிட நன்றாகப் பலன் தரும் புதுப் பழக்கம் ஒன்று அதன் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். புதியதற்குப் பலன் குறைந்தாலும் சரி, இடமோ ஆளோ மாறினாலும் சரி, பழையது தலைகாட்டும். இந்த இரண்டுமே பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும். அதனால் முன்கூட்டியே ஏற்பாடும் செய்யலாம். இதை எங்களுக்கு யாரும் முதலில் சொல்லவில்லை, தேடித் தேடித்தான் தெரிந்துகொண்டோம். நீங்கள் அவ்வளவு அலைய வேண்டாம்.

1. எதை எண்ணப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

"அடம் பிடிக்கிறான்", "மூர்க்கமாக இருக்கிறாள்" என்பதை எண்ண முடியாது. "தடம் விழும்படி கையைக் கடித்தான்" என்பதை எண்ணலாம். அப்படி ஒரு வரியை எழுதி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். அம்மாவும் பள்ளி ஆயாவும் ஒரே விஷயத்தை எண்ண வேண்டும்.

நோட்டில் நான்கு கட்டம் போதும்: தேதியும் நேரமும் இடமும், அதற்குச் சற்று முன் நடந்தது, பிள்ளை செய்தது, அதன் பிறகு பிள்ளைக்குக் கிடைத்தது. கடைசிக் கட்டத்தைத்தான் எல்லோரும் காலியாக விடுவார்கள். அதுதான் மிக முக்கியம். எழுதும்போது, "கிடைத்தது திட்டுதான்" என்று தோன்றினால் அதையும் எழுதுங்கள். சில பிள்ளைகளுக்குத் திட்டும் ஒரு கவனிப்புதான்.

நடத்தை நின்ற பிறகு தினமும் எழுத வேண்டாம். மாதத்தில் ஒரு வாரம் எழுதினால் போதும். "ஒரே வாரத்தில் இத்தனை முறை வந்தால் பத்தாவது படிக்குப் போகிறோம்" என்று ஒரு எண்ணையும் குறித்துவையுங்கள். எங்கள் வீட்டில் அது மூன்று. தலை முட்டுவதற்கு ஒன்றே போதும்.

2. உடம்பை முதலில் பாருங்கள்

பேச்சு வராத பிள்ளைக்குப் பல்வலியும் காதுவலியும் நடத்தையாகத்தான் வெளியே வரும். திடீரென்று திரும்பினால் பல், காது, மலச்சிக்கல், தூக்கம், பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு, வலிப்பு, சமீபத்தில் மாற்றிய மருந்து என்று வரிசையாகப் பாருங்கள். மலச்சிக்கல் அடிக்கடி கண்ணில் படாமல் போவது. கழிவறை போன நாளையும் நோட்டில் ஓரமாகக் குறியுங்கள்.

மலையிலிருந்து வருபவர்களுக்கு ஒன்று. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வரும்போது காது அடைக்கும், குமட்டும். பஸ்ஸில் கடித்தான் என்றால் பயிற்சி தவறிவிட்டது என்று உடனே எண்ண வேண்டாம். வயிறு நிறையச் சாப்பிடவைத்து ஏற்றாதீர்கள், முன் இருக்கை கேளுங்கள், வளைவு தொடங்கும் முன்பிருந்தே மடக்கு மடக்காகத் தண்ணீர் கொடுங்கள்.

3. இந்த நடத்தையால் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது?

காரணம் பெரும்பாலும் நான்கில் ஒன்றாகவோ இரண்டு கலந்தோ இருக்கும்: கவனிப்பு வேண்டும், ஒரு பொருள் வேண்டும், ஒரு வேலையிலிருந்தோ சத்தத்திலிருந்தோ தப்ப வேண்டும், அல்லது அந்தச் செயலே உடம்புக்கு ஏதோ ஒரு சுகம் தருகிறது. இரண்டு வார நோட்டைப் புரட்டினாலே ஓரளவு புலப்படும். நான்காவது வகை என்றால், தனியாக இருக்கும்போதும் நடக்கும். அதற்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களுக்கும் புலனுணர்வுக்கும் பயிற்சி தருபவர்) உதவி கட்டாயம் வேண்டும். வீட்டில் நாமே ஊகித்துச் செய்வது சரிப்படாது.

முன்பு இருந்த காரணமே இப்போதும் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். சின்ன வயதில் பொருளுக்காகக் கடித்த பிள்ளை, பதினைந்து வயதில் வேலையிலிருந்து தப்பக் கடிக்கலாம்.

4. பிள்ளை அமைதியாகக் கேட்பதைத் தவற விடாதீர்கள்

கடிப்பதற்குப் பதிலாகப் பிள்ளை ஒரு படக் கார்டை நீட்டுகிறது, அல்லது "போதும்" என்று சைகை செய்கிறது. இதைப் பழக்கியதால்தான் நடத்தை குறைந்தது. ஆனால் கடித்தால் வீடே ஓடிவரும். கார்டை நீட்டினால் அடுப்படியில் இருப்பவருக்குத் தெரியாது. நாளாக நாளாகக் கார்டுக்குக் கிடைக்கும் பதில் குறைகிறது. பிள்ளை நல்லபடியாக இருக்கிறது என்பதாலேயே நாம் அசட்டையாகிவிடுகிறோம். பலமுறை நீட்டியும் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு நாளில், அது தனக்கு நன்றாகத் தெரிந்த பழைய வழியை எடுக்கிறது. நடத்தை திரும்பிய வீடுகளில் நான் பார்த்த காரணங்களில் இதுதான் முதலிடம். அதனால் இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள்.

ஒன்றுக்கு இரண்டு வழி பழக்குங்கள். கார்டு தொலைந்துபோன அன்று சைகை இருக்க வேண்டும், கை பிடிபட்டிருக்கும்போது ஒரு சத்தமாவது இருக்க வேண்டும். கம்பி இல்லாத காலிங் பெல் எலக்ட்ரிக்கல் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதன் பொத்தானைப் பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்திலும், மணியை அடுப்படியிலும் வையுங்கள். எங்கள் வீட்டில் வேறு எந்தச் செலவும் இவ்வளவு பலன் தந்ததில்லை.

கார்டுகளில் ஒரே அளவில் நான்கு செட் போடுங்கள்: வீடு, பள்ளிப் பை, ஆட்டோ, பாட்டி வீடு. பிள்ளை உண்மையில் பயன்படுத்தும் டம்ளர், உண்மையில் உட்காரும் நாற்காலி ஆகியவற்றைப் படம் எடுத்துப் பிரிண்ட் போடுங்கள். லேமினேஷன் கட்டாயம். ஏற்காட்டு ஈரத்தில் வெறும் அட்டை நைந்துபோகும்.

அப்புறம், எல்லோருக்கும் பழக்குங்கள். பாட்டி, தாத்தா, சித்தி, ஆட்டோ ஓட்டும் அண்ணன், பள்ளி ஆயா என ஒவ்வொருவர் கையிலும் அரைப் பக்கக் காகிதம் ஒன்று இருக்க வேண்டும். அதில் மூன்று வரி போதும்: பிள்ளை இப்படிக் கேட்டால் உடனே இதைக் கொடுங்கள். முகம் இப்படி மாறினால் கார்டை எடுத்துக் காட்டுங்கள். கடித்தால் இதைச் செய்யுங்கள், இதைச் செய்யாதீர்கள். பெரியவர்களிடம் "நீங்கள் செய்வது தவறு" என்று தொடங்கினால் காகிதம் பரணுக்குப் போய்விடும். "அவன் உங்களிடம்தான் அதிகம் கேட்பான் அத்தை, இதை வைத்துக்கொள்ளுங்கள்" என்று கொடுங்கள்.

பரிசாகத் தின்பண்டம் கொடுப்பவர்களுக்கு: வயிறு நிறைந்த பிறகு தட்டுவடை செட் காட்டினால் வேலை செய்யாது. பிடித்ததை அதற்கென்றே ஒதுக்கிவையுங்கள், கண்ட நேரத்திலும் கொடுத்துவிடாதீர்கள்.

5. காத்திருக்கப் பழக்குவது: மெதுவாக, மிக மெதுவாக

கேட்டபோதெல்லாம் கொடுத்துக்கொண்டே இருக்க முடியாது. பள்ளியிலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். அது நியாயம்தான். ஆனால் ஒரே நாளில் நிறுத்தினால் அது நான்காவது படியில் சொன்ன அதே பள்ளம்.

பச்சை அட்டை ஒன்று, சிவப்பு அட்டை ஒன்று. பச்சை தெரிந்தால் கேட்டது உடனே கிடைக்கும். சிவப்பு தெரிந்தால் இப்போது கிடைக்காது, பச்சை வரும்வரை பொறுக்க வேண்டும். முதலில் சிவப்பு இரண்டு விநாடிதான். பிறகு ஐந்து, பத்து, இருபது, அரை நிமிடம். இரண்டு மூன்று நாள் அமைதியாகப் போனால்தான் அடுத்த படி. சறுக்கினால் ஒரு படி பின்னால் வாருங்கள், அதில் தவறே இல்லை. சிவப்பு நேரம் நீளும்போது கையில் ஏதாவது கொடுங்கள். வெறும் கையோடு காத்திருப்பது நமக்கே கஷ்டம்.

வேலையிலிருந்து தப்பும் பிள்ளை என்றால் நேரத்துக்குப் பதில் வேலையின் அளவைக் கூட்டுங்கள். ஒரு கவர் ஒட்டினால் இடைவேளை, பிறகு இரண்டு கவருக்கு ஒன்று, பிறகு மூன்று.

இங்கே எல்லோரும் மாட்டிக்கொள்ளும் பொறி, உறவினர் வந்த நாள். அரை நிமிடம் பொறுக்கக் கற்ற பிள்ளைக்குத் திடீரென்று மதியம் முழுக்கச் சிவப்பு. அந்த மாதிரி நாளில் அட்டைகளைச் சுருட்டி வைத்துவிட்டு, கேட்டதைக் கேட்டவுடன் கொடுப்பதே நல்லது.

6. இடம் மாறும் முன் ஒத்திகை

தெரபி அறையில் அடங்கியது வீட்டில் அடங்காமல் இருப்பதும், ஏற்காட்டில் நின்றது சேலத்தில் தொடங்குவதும் ஒரே காரணத்தால்தான். பிள்ளை புதுப் பழக்கத்தை அந்த அறையோடும் அந்த டீச்சரோடும் சேர்த்துக் கற்றிருக்கிறது. அறை மாறினால் பழையது எழுகிறது. இன்னொன்றும் உண்டு: முன்பு கடித்துக்கொண்டிருந்த வீட்டுக்கு விடுமுறைக்குப் போனாலும் திரும்பும். அந்தத் திண்ணையில் அந்த வழிதான் பலித்தது என்பது அதற்கு நினைவிருக்கிறது. பாட்டி செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார் என்று அவர் மேல் பழி போடாதீர்கள். பாட்டி வீட்டிலும் கார்டு, சைகை என்று புது வழியில் கேட்பதற்குப் பதில் கிடைத்தால் தானாக அடங்கும்.

செய்ய வேண்டியது இது. தெரபிக்குச் சேர்க்கும்போதே பெற்றோரும் அறைக்குள் உட்காரலாமா என்று கேளுங்கள். முடியாது என்றால் வேறு இடம் பாருங்கள். கடைசி மாதங்களில் நீங்களே செய்ய, அவர்கள் பார்த்துத் திருத்தட்டும். ஒரு அமர்வையாவது உங்கள் வீட்டிலோ பார்க்கிலோ கடையிலோ வைக்கச் சொல்லுங்கள்.

புதிய பள்ளி என்றால் சேர்க்கைக்கு மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். ஆள் இல்லாத நேரத்தில் இடத்தைக் காட்டுங்கள். பிறகு அரை மணி நேரம், பிறகு அரை நாள். பழைய இடத்தின் கார்டு, பாய், பை, சிவப்பு பச்சை அட்டைகள் எல்லாம் அப்படியே கூட வர வேண்டும். புதிது வாங்கித் தர இது நேரமில்லை. முடிந்தால் புதிய டீச்சர் ஒருமுறை பழைய இடத்துக்கு வந்து பார்க்கட்டும். அது முடியாவிட்டால் பிள்ளை கார்டு நீட்டுவதை வீடியோ எடுத்துக் காட்டுங்கள். முதல் வாரம் காத்திருக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

7. சேலத்து நாட்காட்டியில் கவனிக்க வேண்டிய நாட்கள்

ஜூனில் பள்ளி திறப்பு. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை, குகையில் வண்டி வேடிக்கை, தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி. தீபாவளி வெடி. மே மாதம் ஏற்காட்டில் கோடை விழாக் கூட்டம், மலைப்பாதையில் வண்டிகள் நகராமல் நிற்பது. இவற்றோடு உங்கள் வீட்டு நாட்களையும் சேருங்கள்: கல்யாணம், டீச்சர் லீவு, அப்பா வெளியூர் போவது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் முன்பே காத்திருக்கும் நேரத்தைக் குறைத்து, கேட்டதற்கு உடனுக்குடன் பதில் கொடுங்கள். வெளியே போனால் எப்படிச் சீக்கிரம் கிளம்புவது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். "போதும்" கார்டு நீட்டியதும் கிளம்பியே ஆக வேண்டும். கிளம்பாவிட்டால் அந்தக் கார்டுக்கு இனி மதிப்பில்லை.

8. ஃபைலும் செலவும்

ஒரே ஃபைலில், ஒரிஜினல் தனி, ஜெராக்ஸ் தனி. நடத்தை திரும்பிய வாரத்தில் காகிதம் தேடும் நிலை வரக் கூடாது.

யுடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை): விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை, இ-சேவை மையத்தில் அவர்கள் சேவைக் கட்டணம் மட்டும். ஆதார், போட்டோ, முகவரிச் சான்று, மருத்துவமனைக் காகிதங்கள், இருந்தால் ஐ.க்யூ. அறிக்கை வேண்டும். மருத்துவப் பரிசோதனைக்கு அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும் முன், உங்கள் வகைக்கு எந்த நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். காலைச் சாப்பாடு, தண்ணீர், கார்டுகள், பிடித்த பொருள் இல்லாமல் அந்த வரிசையில் நிற்காதீர்கள். சான்றிதழில் புதுப்பிக்கும் தேதி இருந்தால் ஆறு மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். 18 வயதில் புதுப்பிப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பராமரிப்பு உதவித்தொகை: அறிவுசார் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளவர்களுக்கு மாநில அரசு மாதம் 2,000 ரூபாய் தருகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். மனு இழுத்தடித்தால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, ரசீது எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

நிரமயா காப்பீடு: மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்துவது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை. தொடர் தெரபிச் செலவுக்கும் அதற்குள் ஓர் உச்சவரம்போடு இடம் உண்டு. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சேர்க்கைக் கட்டணம் 250 ரூபாய், மற்றவர்களுக்கு 500. காப்பீட்டு ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. நாம் கட்டிவிட்டுப் பில் கொடுத்துத்தான் திரும்ப வாங்க முடியும். எனவே ஒவ்வொரு அமர்வுக்கும் தேதியும் கையெழுத்தும் உள்ள ரசீது கேளுங்கள். துண்டுச் சீட்டு செல்லாது.

தெரபி தருபவரிடம் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு மன்றம்) பதிவு எண், ஒரு அமர்வுக்கு எவ்வளவு, எத்தனை நிமிடம், வராத நாளுக்குப் பணம் பிடிப்பார்களா, எழுத்தில் திட்டம் தருவார்களா என்று முதல் நாளே கேளுங்கள். "முழுக்கக் குணப்படுத்தித் தருகிறோம், ஆறு மாதப் பணம் மொத்தமாகக் கட்டுங்கள்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நடத்தை நின்றதும் தெரபியை ஒரேயடியாக நிறுத்தாமல், மாதம் ஒரு அமர்வாவது வைத்துக்கொண்டால் செலவும் தாங்கும், திரும்பினால் கைகொடுக்க ஆளும் இருக்கும். அரசுப் பள்ளியில் பெயர் இருந்தால் வட்டார வள மையத்தின் சிறப்பு ஆசிரியரைக் கேளுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.

பிள்ளைக்கு 18 முடிந்ததும் சட்டப்படியான பாதுகாவலர் சான்றுக்கு, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவில் விண்ணப்பியுங்கள். பெற்றோர் என்பதாலேயே அந்த உரிமை தானாகத் தொடர்வதில்லை.

9. மருந்து சாப்பிடும் பிள்ளை என்றால்

ரிஸ்பெரிடோன், அரிபிபிரசோல் போன்றவை ஆட்டிசத்தில் கடும் எரிச்சலுக்கும் தாக்குதலுக்கும் டாக்டர்கள் எழுதுவது. நடத்தை நின்றுவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், பாதியாக உடைக்கவும் செய்யாதீர்கள். குறைப்பது டாக்டர் சொல்லும் வேகத்தில்தான். பசியும் எடையும் கூடலாம், மாதம் ஒருமுறை எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். பள்ளி மாற்றத்தையும் மருந்துக் குறைப்பையும் ஒரே மாதத்தில் வைக்க வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால், நடத்தை திரும்பும்போது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. மலைக்கிராமங்களில் இருப்பவர்கள் மருந்து தீரும் முன் பத்து நாள் கையிருப்பு வைத்திருங்கள்.

10. திரும்பிவிட்டால்

முதல் வேலை அடிபடாமல் காப்பது. தலைக்கும் சுவருக்கும் நடுவே தலையணையோ உங்கள் கையோ வரட்டும். தலை, கண் சம்பந்தப்பட்டால் "கண்டுகொள்ளாமல் விடுங்கள்" என்ற அறிவுரை பொருந்தாது. பேச்சைக் குறையுங்கள், கூட்டத்தை விலக்குங்கள். அடிக்காதீர்கள், கட்டிப்போடாதீர்கள், கட்டிப்போட யாருக்கும் அனுமதி தராதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, கொடூரமான, இழிவான நடத்துமுறையிலிருந்து இவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. பள்ளியில் நடந்தாலும் அதே சட்டம்தான்.

கடித்த உடனே கார்டை நீட்டவைத்து, உடனே பொருளைக் கொடுக்காதீர்கள். முதலில் கடி, அப்புறம் கார்டு, அதற்கப்புறம் பலன் என்று ஒரு வரிசை பழகிவிடும். அடங்கிச் சற்று அமைதியான பிறகு கேட்கவைத்துக் கொடுங்கள். அடுத்த முறை, கடிக்கும் முன்பே, முகம் மாறும்போதே கார்டைக் கையில் வையுங்கள்.

மறுநாளே காத்திருக்கும் நேரத்தைத் தொடக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். பச்சை நிறைய, சிவப்பு இரண்டு விநாடி. நோட்டைத் தினமும் எழுதுங்கள். பழைய வழிக்குப் பலன் கிடைக்கவில்லை என்று தெரிந்ததும் நடத்தை முதலில் சில நாள் கூடிவிட்டுப் பிறகு குறையலாம். அந்த நாட்களில் யாராவது ஒருவர் மனமிளகிக் கேட்டதைக் கொடுத்துவிட்டால், இன்னும் ஓங்கிக் கடித்தால் கிடைக்கும் என்பதுதான் பிள்ளைக்குப் பாடம். அதனால் அரைப் பக்கக் காகிதத்தை எல்லோருக்கும் மறுபடி படித்துக் காட்டுங்கள். முதல் முறையைவிட இந்த முறை பெரும்பாலும் சீக்கிரம் அடங்கும், ஏனென்றால் கேட்கும் வழியைப் பிள்ளை மறக்கவில்லை.

இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் நோட்டோடு டாக்டரிடமும் தெரபிஸ்டிடமும் போங்கள். தலையில் அடிபட்டு வாந்தி, மயக்கம், அளவுக்கு மீறிய தூக்கம், வலிப்பு, பார்வையில் மாற்றம் என்று எது வந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். மலையில் இருந்தால் வண்டி வந்துசேர நேரமாகும், பக்கத்து எஸ்டேட்டிலோ தெருவிலோ வண்டி வைத்திருப்பவர் எண்ணைச் சுவரில் எழுதிவையுங்கள். கவனித்துக்கொள்ளும் உங்களுக்கே தாங்க முடியவில்லை என்றால் 14416 டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் பேசலாம், கட்டணம் கிடையாது, தமிழில் பேசுவார்கள்.